நாலாவது அம்மா

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது, துணி காய்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக நடந்த தேர்வில் என் மூன்றாம் வகுப்புதான் வட்டாரத்திலேயே முதலிடம். ஹெட்மாஸ்டர் எல்லோரையும் எனக்குக் கைதட்டச் சொன்னார்.

தேர்வுக்கு முந்தின நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சராசரியக் கெடுக்கிற நாலு பசங்க நாளைக்கு வர வேண்டாம் டீச்சர். யாருன்னு நான் சொல்லணுமா?" என்றார். பட்டியலைப் பென்சிலில்தான் எழுதினேன். மூன்று அம்மாக்களிடம் நானே பேசினேன். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. நாலாவது அம்மாவிடம் பேச வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் கேட்டபோது குட்டிக்குக் காய்ச்சல் என்றேன். வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஊரார் பிள்ளைகளை நிறுத்திவிட்டு என் பிள்ளையை மட்டும் எப்படி உட்கார வைப்பது? பெரிய நியாயம் பேசுகிறேன், பாருங்கள்.

அன்று அவள் எனக்கு முன்னாலேயே எழுந்து, ஐந்து பென்சில்களையும் சீவி வைத்திருந்தாள். நெற்றியில் கைவைத்து, "சுடுதேடி" என்றேன். அவளும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றாள்.

அடுத்த தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. நேற்று தலை பின்னிக்கொண்டிருந்தபோது திரும்பாமலே கேட்டாள்: "அம்மா, அன்னைக்கும் எனக்குக் காய்ச்சல் வரணுமா?"

இப்படிக்கு,
அவளுடைய டீச்சர்