பல் முளைக்கிற பிள்ளைக்குத் தண்ணீர்

திருப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு ரஞ்சிதா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? என் மகன் நிலவன் இப்போது சிரித்து விளையாடுகிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

அவனுக்கு வயிற்றால் போனபோது, "பல்லு மொளைக்குது. தண்ணிய நிறுத்து, தானா கட்டும்" என்றீர்கள். நிறுத்தினேன். மறுநாள் அழுதான், கண்ணீரே வரவில்லை. பிறகு அழுகையும் நின்றது. அசந்து தூங்குகிறான் என்று நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், அம்மா. தூக்கினால் தலை தொங்கியது. உச்சிக்குழி பள்ளமாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. "பல்லுக்கெல்லாம் இப்படிப் போகாதுங்க. ஒவ்வொரு தடவ போறப்பவும் தண்ணி குடுக்கோணும்" என்றார். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தால் துப்புகிறான். எனக்குப் புகட்டிய பாலாடை பரணில் இருக்கும். பார்சலில் போட வேண்டாம், நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கச்சி சத்யா பிள்ளைக்கும் பல் வருகிறதாமே. அவளிடம் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், தண்ணீரை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்பாள்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

ரஞ்சிதா