கன்னிமாராவின் பழைய மண்டபம்

கும்மிடிப்பூண்டி,
12.11.2008

அன்புள்ள அப்பாவுக்கு, கோதைநாயகி சேவித்து எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் கம்பெனி மெஷினில் என் விரல் லேசாக நசுங்கிவிட்டது. மூன்று தையல்தான். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.

நான்கு நாள் லீவு கொடுத்தார்கள். அறையில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ரயிலேறிப் போய் கன்னிமாரா நூலகத்தைப் பார்த்தேன். நம் ஊர்க் கிளை நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு இருபது வருடமாக நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிற அதே பழைய மண்டபம். வளைந்த கூரை முழுக்கப் பூவும் இலையுமாக வேலைப்பாடு. வண்ணக் கண்ணாடி வழியே வெயில் இறங்கித் தேக்கு அலமாரிகள்மேல் விழுகிறது. இதை நீங்கள்தானே பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி அண்ணாந்து நின்றேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து, "இன்னாம்மா கையில கட்டு? வலிக்குதா?" என்று கேட்டார். இங்கே வந்த ஐந்து மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் நூலகர் என்று சொன்னதும், "அப்பாவ ஒரு நாள் இட்டுனு வா. நானே கூட வந்து சுத்திக் காட்டறேன்" என்றார்.

வாருங்கள் அப்பா. பருப்புப்பொடி கொஞ்சம் வேண்டும். உங்கள் பழைய வேட்டி ஒன்றும் வேண்டும், இங்குள்ள போர்வை குத்துகிறது.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன்பே எழும்பூர் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

கோதை