மூணு பேருக்கும் ஒரே படை

ஜூன் 8, திங்கள்

காலை ஏழரைக்கே அனல். ட்ரெயின்ல திருநின்றவூரில் ஏறினதிலிருந்து பட்டரவாக்கம் வரைக்கும் நின்னுக்கிட்டேதான். இறங்கும்போதே உள்ளாடை ஈரம். அதோட துணி கம்பெனியில ஒன்பது மணி நேரம் அயர்ன் டேபிள். முகத்துல ஆவி, கீழ வேர்வை.

பதினொரு மணிக்கு அரிப்பு ஆரம்பிச்சது. தொடை இடுக்கு. லைன்ல நின்னுக்கிட்டு எங்க சொறியறது? மூணு தடவை பாத்ரூம். சூப்பர்வைசர் கேட்டார்: "இன்னாம்மா, சுகரா?" ஆமான்னு தலையாட்டிட்டேன். சுகர்னா வெளிய சொல்லிக்கலாம்.

களிம்பு டியூப் தீந்துடுச்சு. இது நாலாவது. மெடிக்கல்ல 'சேத்துப்புண்ணுக்கு'ன்னு சொல்லித்தான் வாங்கறேன். பூசினா ரெண்டு நாள் அடங்கும். அப்புறம் முன்னைவிட அகலம். முதல்ல ஒரு காசு அளவுதான் இருந்தது. இப்ப ரெண்டு தொடை, பின்பக்கமும். ஓரம் சிவந்து தடிப்பா, நடுவுல கறுப்பு.

வாங்க: உளுந்து, துணி சோப், திவ்யாவுக்கு கிராஃப் நோட்டு.

ஜூன் 10, புதன்

இவர் இன்னிக்கும் ஹால்லதான் படுக்கை. ஆவடி–பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டிட்டு வந்து, சாப்பிட்டு, பாயை எடுத்துக்கிட்டுப் போயிடறார். போன தீபாவளியிலிருந்து இப்படி. கேட்டா "உள்ள புழுங்குது"ங்கறார். ஃபேன் இருக்கிறதே உள்ளதான்.

என் மேல நாத்தமா? பார்த்துட்டாரா? இல்ல, வேற யாராவதா? வெளிய போய் வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்துட்டாரா? நேத்து அவர் சட்டையை மோந்து பார்த்தேன். டீசல் வாசம்தான். எனக்கே அசிங்கமா இருந்தது.

கேக்கத் தெம்பில்ல.

ஜூன் 11, வியாழன்

திவ்யா ஸ்கூல்ல இருந்து வந்ததும் கதவைச் சாத்தினா.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

பாவாடையைத் தூக்கிக் காட்டினா. அதே வட்டம். இடுப்புல ஒண்ணு, தொடையில ரெண்டு. பத்தாவது படிக்கிற பொண்ணு.

"அரிசி டப்பாக்குப் பின்னாடி நீ வெச்சிருந்தியே ஒரு மருந்து, அதைத்தான் போட்டேன்."

எத்தனை நாளான்னு கேட்டேன். ஸ்கூல் திறந்ததிலிருந்தாம். பாத்ரூம் ஆணியில ஒரே துண்டு. மூணு பேரும் அதுலதான் துடைக்கிறோம். எனக்கு அது தோணவே இல்ல. திட்டல. உக்காந்துட்டேன்.

ஜூன் 13, சனி

லீவு சொல்லிட்டு அவளையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி. தோல் பிரிவு. வரிசை வராண்டா வரைக்கும். பொம்பள டாக்டர், சின்ன வயசு. முதல்ல திவ்யா, அப்புறம் நான்.

திரைக்குப் பின்னாடி காட்டச் சொன்னாங்க. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். கடையில கத்திரிக்காய் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாங்க.

"சரி, கட்டிக்கங்க. படர்தாமரை. பூஞ்சையால வர்றது. என்ன போட்டீங்க?"

டியூபைக் காட்டினேன்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா. அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை நல்லா வளரும். தோல் மெலிஞ்சு கோடு விழுந்திருக்கு பாருங்க."

அந்தக் கோடெல்லாம் பிரசவத்துல வந்ததுன்னு நினைச்சிருந்தேன்.

திவ்யா வெளிய போனதும் கேட்டேன். "தப்பா எங்கயாவது போனா வருமா மேடம்?"

"வேர்வை, ஈரம், இறுக்கமான துணி, ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் எடுக்கறது. இது போதும் வர்றதுக்கு. வீட்டுக்காரருக்கு இருக்கா?"

"தெரியாது."

எழுதிட்டிருந்தவங்க நிமிர்ந்து பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "கூட்டிட்டு வாங்க. ஒருத்தரை விட்டா மூணு பேருக்கும் திரும்ப வரும்."

மாசமா இல்லையேன்னு கேட்டாங்க. மஞ்சக்காமாலை வந்திருக்கான்னு கேட்டாங்க. அப்புறம்தான் மாத்திரை எழுதினாங்க.

மறக்காம இருக்க:
– மா. சாப்பிட்ட உடனே. நிறுத்தக் கூடாது.
– திவ்யாவுக்கு களிம்பு மட்டும்.
– களிம்பு கா/இ. வட்டத்துக்கு வெளிய ரெண்டு விரல் தள்ளியும்.
– மறைஞ்ச பிறகும் ரெண்டு வாரம்.
– ஆளுக்கொரு துண்டு.
– துணி வெந்நீர்ல. வெயில்ல, உள்பக்கத்தை வெளிய திருப்பி.
– குளிச்சதும் இடுக்கெல்லாம் நல்லா காயணும், அப்புறம் உடுத்தணும். (ஒரு ரூம், ஒரு ஹால், மூணு பேர். எங்க நிக்கறது?)

ஜூன் 14, ஞாயிறு

இவர்கிட்ட சொன்னேன். "எனக்கு இன்னா கீது? ஒண்ணும் கெடயாது. வேலையப் பாரு"ன்னுட்டு சாப்பிடாமக்கூட கிளம்பிட்டார்.

நாலு குடம் வெந்நீர். போர்வை, தலையணை உறை, எல்லாம். முதுகு விட்டுப் போச்சு. மொட்டை மாடியில உள்பாவாடை, ஜட்டி எல்லாத்தையும் மேல துணி மூடாம காயப்போட்டேன். ஹவுஸ் ஓனர் அம்மா: "ஆம்பளைங்க வர்ற மாடி. இப்பிடியா பப்பரப்பேன்னு போடுவ?"

"வெயில் படணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க"ன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. போகட்டும்.

ஜூன் 17, புதன்

நான் வந்தப்ப இவர் வீட்டுல. ஆறு மணிக்கே. காலை அகட்டி அகட்டி நடக்கிறார். கட்டில் ஓரத்துல உக்காரப் போய், எழுந்துட்டார்.

"இன்னாச்சு?"

"ஸ்டாண்டுல ஒருத்தன் பூண்டு அரைச்சுப் போடச் சொன்னான். வெந்துபோச்சு."

லுங்கியை விலக்கினார். ரெண்டு பக்கமும் தோல் உரிஞ்சு ரத்தச் சிவப்பு. சுத்தி அதே படை. என்னோடதைவிடப் பழசு.

"எப்பலேந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே." லுங்கி ஓரத்தைக் கையில சுருட்டினார். "உனக்கு ஒட்டிக்கப் போவுதுன்னுதான் வெளிய படுத்தேன். சொல்ல வெக்கமா இருந்திச்சு."

எட்டு மாசம். பாயைத் தனியாப் பிரிச்சார், துண்டைப் பிரிக்கல. கத்தணும்னு இருந்தது. தண்ணியில மெல்லிய துணியை நனைச்சு ஒத்தி எடுத்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டார்.

ஜூன் 20, சனி

இவரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். பூண்டுக்கு டாக்டர்கிட்ட நல்ல திட்டு. வெளிய வந்து, "பொம்பள டாக்டருன்னு நீ சொல்லவே இல்லையே"ன்னார். டீ வாங்கித் தந்தார்.

உள்ள இருந்தப்பவே, என்ன உடுத்தி வேலை செய்யறீங்கன்னு டாக்டர் என்கிட்ட கேட்டாங்க. கம்பெனி குடுத்த பாலியெஸ்டர் பேன்ட். லூசான காட்டன் போடணும்னு லெட்டர் எழுதித் தந்தாங்க. பையில வெச்சிருக்கேன். குடுக்கணும்.

ஜூலை 5, ஞாயிறு

திவ்யாவுக்கு ஏறக்குறைய மறைஞ்சாச்சு. எனக்கு அரிப்பு இல்ல, கறுப்பு மட்டும். இவர் நாலு நாளா மாத்திரை போடலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.

"அதான் போயிடுச்சேடி."

"மறுபடி வரும். அப்ப நான்தான் மறுபடி நாலு குடம் கொதிக்க வைக்கணும்."

சண்டை. கடைசியில திவ்யா தண்ணி சொம்போட வந்து நின்னா. "நைனா, போடு." போட்டார்.

ஜூலை 9, வியாழன்

லெட்டர் ரெண்டு வாரத்துக்கு மேல பையிலயே இருந்து மடிப்புல கிழிய ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்குக் குடுத்தேன். மேனேஜர் லைனுக்கே வந்துட்டார், கையில லெட்டரோட. எல்லாரும் இருக்காங்க.

"ஸ்கின் ப்ராப்ளம்னா எங்கம்மா? கையில ஒண்ணும் இல்லையே?"

ரொம்பச் சோர்வா இருந்தது. பொய் யோசிக்கக்கூட முடியல.

"தொடை இடுக்குல படை சார். இந்தப் பேன்ட்ல வேர்த்து வேர்த்து ஜாஸ்தியாவுது."

அயர்ன் சத்தமெல்லாம் நின்னுபோச்சு. அவர் காது சிவந்துடுச்சு. அடுத்த டேபிள் கஸ்தூரி, மூணு வருஷமா பக்கத்துல நிக்கறவ, தலை குனிஞ்சபடியே, "எனக்கும் சார்."

பின்னாடி பட்டன் வைக்கிற இடத்துலேந்து இன்னொரு குரல், "சார், எனக்கும்."

திரும்பிப் பார்க்கல நான். இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி.