எத்தனை அழுத்து?

மார்ச் 3

பேத்தியின் தாத்தாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், மரியாதை தெரிந்தவள் என்பதால்.

மாதக் கடைசியில் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும், இங்கே வந்து இருக்கட்டுமா என்று மகளுக்கு எழுதியிருக்கிறீர்கள். அவள் படித்துவிட்டு என் மடியில் போட்டாள். வர வேண்டாம். முப்பத்தாறு வருஷம் ஆனாலும் எனக்கு எதுவும் மறக்காது. அன்று வியாழக்கிழமை. டைல்ஸ் கம்பெனியில் நான் மண் பொடியை அழுத்தும் அச்சு மெஷின், நீங்கள் சுடும் சூளை. சூட்டை அவசரமாக ஏற்றி நானூறு டைல்ஸை வெடிக்க விட்டீர்கள். வேலை போனது. மூன்றாம் நாள் நீங்களும் போனீர்கள். பச்சைக் கோடு போட்ட சட்டை, பையில் பொத்தான் இல்லை.

பேத்திக்கும் இப்போது அதே வேலைதான், கம்ப்யூட்டரில். பொடியை அதிலேயே அழுத்துகிறாள், அதிலேயே சுடுகிறாள், எங்கே வெடிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கிறாள். கையில் ஒரு பொட்டு மண் ஒட்டுவதில்லை, அதற்குச் சம்பளம் வேறு. நம் டைல்ஸையும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சூடு எவ்வளவு என்று உங்களைக் கேட்பாள். இந்த முறையாவது உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேத்தியின் பாட்டி


மார்ச் 10

அச்சுக்காரிக்கு,

கண் மங்கல், அதனால் எழுத்து பெரிது.

பேத்தி போனில் கேட்டாள். "தாத்தா, மணிக்கு எவ்வளவு சூடு ஏத்துனீங்க?" வழக்கமாக ஏற்றுவதைத்தான் அன்றும் ஏற்றினேன், அதையே சொன்னேன். "உங்க பேச்சு அப்படியே அம்மா பேச்சு மாதிரி இருக்கே" என்று சிரித்தாள்.

அந்தக் கணக்கை விட்டுவிடச் சொல். வெடித்த டைலை அன்றைக்கே எடுத்துப் பார்த்தேன். சூடு கூடினால் ஓரத்தில் கீறல் விடும். இது நடுவில் இரண்டு ஏடாகப் பிரிந்திருந்தது. உள்ளே காற்று மாட்டினால்தான் அப்படி. காற்று வெளியேற அச்சில் முதலில் மெல்ல ஓர் அழுத்து, பிறகு பலமாக ஓர் அழுத்து. அன்று முதல் அழுத்து இல்லை. விசாரணையில் நீயே சொல்லுவாய் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ சூளையைக் கை காட்டினாய்.

வேலை போனதற்காக நான் வீட்டை விட்டுப் போகவில்லை.

தங்குவதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

சூளைக்காரன்


மார்ச் 19

சூளைக்காரருக்கு,

கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. பேத்தியிடம் கணக்கை விடச் சொல்லவில்லை.

"பாட்டி, எவ்வளவு வேகமா சூடேத்துனாலும் ஓரம்தான் வெடிக்குது. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு ஏடா பிரியவே மாட்டேங்குது. நெஜமாவே ரெண்டு அழுத்தா?" என்றாள். ஏடாகப் பிரிந்ததை அவளுக்குச் சொன்னதும் நான்தான், என் ஞாபகத்தைப் பெருமையடித்துக்கொள்ள.

"ஒண்ணுதான்" என்றேன்.

மாற்றிப் போட்டுப் பார்த்தாள். "அய்யோ, அப்படியே பொருந்துது பாட்டி!" என்று முதுகில் தட்டினாள். பிறகு டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

மறந்துவிட்டது என்று எழுத மாட்டேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள். அன்று மகளுக்குப் பள்ளியில் நாடகம். மூன்று மணிக்குள் அன்றைய டைல் எண்ணிக்கை முடிந்தால் போகலாம் என்றார் மேஸ்திரி. ஒரே அழுத்தாகப் போட்டு முடித்தேன். மேடையில் மரமாக நின்றாள், வசனம் கிடையாது.

அழுகை வரவில்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்குகிறேன். மரத்துப்போன கையைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது.

மகளுக்கு இன்னும் தெரியாது. அப்பா என்றால் முகத்தைத் திருப்ப அவளைப் பழக்கியவள் நான். வருகிற ஞாயிறு அவள் வீட்டில் இருப்பாள். பெட்டியோடு வாருங்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு வாய் வரும். இல்லையென்றால் நாக்கு மறுபடியும் வேறு பக்கம் திரும்பிவிடும்.

அச்சுக்காரி