பேர் வெட்டிய பிறகு

தேவிகுளம்,
செவ்வாய்க்கிழமை.

இயேசுவுக்கே புகழ்.

டின்டுவின் அப்பாவுக்கு அன்னாள் எழுதுவது. நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். உங்கள் சுகம்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போனில் கேட்டால் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

இங்கே மழை விடவில்லை. அடுப்படிப் பக்கம் தகரம் ஒழுகுகிறது. நம் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிற மாதிரி, அப்பா வேலை பார்க்கிற ஒசூரிலும் யானை வருமா என்று சின்னவள் கேட்டாள். டவுனுக்குள் வராது என்றதும் முகம் வாடிவிட்டது.

அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் நீங்கள் பாடாத பாட்டு இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, ஏசி பஸ், பிறந்தநாளுக்குக் கேக், தோளில் கை போட்டுப் பேசுகிற மேனேஜர். குடும்பம் வந்தால் குவார்ட்டர்ஸ் வேறு. "அட்டக் கடியில கெடந்து கொழுந்து கிள்ளினது போதும்ட்டி, எஸ்டேட்ல பேரை வெட்டிட்டு வா" என்று எப்போது பேசினாலும் சொன்னீர்கள். நானும் மல்லுக்கட்டினேன். நம் கங்காணி எனக்குக் கேக் வெட்ட மாட்டார், வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஆனால் என்னை நிறுத்த வேண்டுமென்றால் யூனியன்காரர் முன்னால் காரணம் சொல்லியாக வேண்டும். எஸ்டேட் பதிவில் என் பேர் இருக்கும் வரை இந்த லயத்து வீடும் நமக்குத்தான். இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்பட வேண்டாம் என்றேன்.

பிறகு திடீரென்று நீங்கள் வா என்று சொல்வதையே நிறுத்திவிட்டீர்கள். சாப்பாட்டுத் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவதும் நின்றது. என்மேல் கோபம் என்று நினைத்துவிட்டேன். பிள்ளைகளும் அப்பா அப்பா என்று ஏங்குகிறார்கள். போன வாரம் எஸ்டேட் ஆபீசில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் மூட்டை முடிச்சோடு வந்து நின்று சிரிக்க வைக்கலாம் என்று ஒரு கிறுக்குத்தனம்.

மறுநாள் பொன்ராஜ் வந்தான், உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த அதே பொன்ராஜ்தான். லீவா என்று கேட்டேன்.

"கார்டை வச்சேன்க்கா, கேட் தொறக்கல. எங்க செக்சன்ல அம்புட்டுப் பேருக்கும் தொறக்கல" என்றான்.

காரணம் சொல்லக்கூட ஆள் இல்லையாம். தோளில் கை போட்ட மேனேஜர் போனை எடுக்கவில்லையாம். உங்களுக்கும் அதே செக்சன்தானே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணனே சொல்லும்க்கா" என்று போய்விட்டான்.

மழையில் நனைந்துகொண்டே ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க் நல்ல மனுஷன்தான். "வெட்டுன பேரைத் திரும்ப எழுத எனக்கு அதிகாரம் இல்ல அன்னாள். டெம்பரரியா வேணும்னா வா" என்றார். டெம்பரரிக்கு வீடு கிடையாது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். யூனியன் ஆபீசிலும் கெஞ்சிப் பார்த்தேன். நீயாக எழுதிக் கொடுத்ததற்கு நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். எனக்கு எதுவும் ஓடவில்லை. விஷயம் தெரியாமல் பிள்ளைகள் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். டின்டு பெட்டியின் மேல் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்.

உங்கள்மேல் கோபம் இருந்தது, அழுது தீர்த்துவிட்டேன். வேலை போனது உங்கள் குற்றம் இல்லை. எங்கே படுக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், அதை மறைக்காமல் சொன்னால் போதும். எனக்குத் தெரிந்த விலாசம் கம்பெனி ஹாஸ்டல் ஒன்றுதான், அதற்கே அனுப்புகிறேன். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் நான் பயந்ததெல்லாம் பொய் என்று அர்த்தம். அப்போது என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். பிள்ளைகளை எந்த ஊர் பஸ்ஸில் ஏற்றுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
அன்னாள்