எட்டுக்குப் பின்னால் என்ன?

மார்ச் 3, செவ்வாய்

புது லிஃப்டுக்கு செட்டிங் போட்டேன். பழைய லிஃப்டில் ஒரு திருகைத் திருப்பினால் போதும். இதில் லேப்டாப்பில் ஒரு ஃபைல்: வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண். ‘டோர்_ஹோல்ட்’ என்ற வரியில், கதவு எட்டு நொடி திறந்து நிற்கட்டும் என்று 8 போட்டேன். வேலை முடிகிறவரை, வழக்கம்போல, என் டூல்ஸ் பெட்டி கதவுக்குக் குறுக்கே. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னமோ நானே லிஃப்டைக் கண்டுபிடித்த மாதிரி நடந்து வந்தேன்.

மார்ச் 5

அதே லிஃப்ட், மூணாவது மாடி. கதவு திறந்ததும் அஞ்சு வயசுப் பொண்ணு உள்ளே ஓடிட்டா. அம்மா கால் வைக்கறதுக்குள்ள மூடிடுச்சு. பத்து நிமிஷம் குழந்தையைக் காணோம். எட்டாவது மாடியில் யார் வீட்டிலோ பிஸ்கட் தின்னுகிட்டிருந்தா. ஒரு கீறல் இல்ல. கடவுளே, உனக்குக் கோடி நன்றி. அந்த அம்மா காலில் விழாத குறையா மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்காளே—

அந்த ஃபைலில் 8 என்றால் எட்டு மில்லிசெகண்டாம். ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கி, அதில் எட்டுத் துண்டு! கதவு மூடுவதை நான் ஏன் பார்க்கவில்லை? என் பெட்டிதானே குறுக்கே கிடந்தது, மடையா.

மார்ச் 6

மேனேஜர்: “செட்டிங் பக்கம் இனி வராதீங்க. கிரீஸ் அடிக்கப் போங்க.” பதினெட்டு வருஷ வேலை.

தட்டு வைக்கும்போதே மனைவி, “முகம் ஏன் செத்துக் கிடக்கு?” என்றாள். சொன்னேன். “குழந்தை நல்லாருக்குல்ல? அப்ப சாப்பிடுங்க.”

மார்ச் 9

ஃபைலை எழுதிய இன்ஜினியர் பொண்ணு நேரிலேயே வந்துவிட்டாள். வயசில் என் தங்கச்சி மாதிரி. மேனேஜர் முன்னாலேயே சொன்னாள்: “அண்ணன் பெட்டியைக் குறுக்க வெச்சது தப்புதான் சார். ஆனா எட்டுன்னா எட்டு என்னன்னு பேர்லயே நான் எழுதியிருக்கணும். அது என் தப்பு.”

எனக்காகத் திட்டு வாங்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து? ஓடிப்போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.

மார்ச் 16

ஃபைலில் உள்ள பெயர்களைத் திருத்தி இன்ஜினியர் பொண்ணு போட்ட புதுப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயரின் வாலிலும் அதன் அளவு: ‘டோர்_ஹோல்ட்_மில்லிசெகண்ட்’. எனக்குத்தான் முதலில் அனுப்பியிருக்கிறாள். “உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும் அண்ணே.” பாராட்டா, கிண்டலா? இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தோரு பெயர். ஒன்று மட்டும் மொட்டை: ‘டோர்_ஸ்பீடு’. உடனே போன் போட்டேன். “அய்யோ அண்ணே, நல்லவேளை!” என்றாள்.

மார்ச் 17

“வர இன்னும் அஞ்சு ஆகும்” என்று வீட்டுக்குப் போன் பண்ணினால், “அஞ்சு என்னப்பா? நிமிஷமா, மணியா?” என்கிறாள் மகள். தேவைதான் எனக்கு.

மார்ச் 20

மேனேஜரே லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதே கட்டடம், அன்றைக்கே நிறுத்தி வைத்த அதே லிஃப்ட். 8000 போட்டேன். பெட்டியைத் தூரமாக வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று எண்ணினேன். எட்டு நொடி. நிதானமாக மூடியது. இன்னும் பத்துத் தடவை எண்ணினேன்.

மூணாவது மாடியில் அந்தக் குழந்தை. உள்ளே வந்து நின்றுகொண்டு கதவையே பார்த்தாள். வெளியே அம்மா பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

“இது மூடிடுமா அங்கிள்?”

“அம்மா வரட்டும்னு நிக்குதுடா.”

அம்மா வந்தார். அதற்குப் பிறகுதான் மூடியது.