ஒன்பதுக்கு ஜேர்மன் சொல்

புதுக்குடியிருப்பு
செவ்வாய்க்கிழமை

அன்பின் உங்களுக்கு,

உங்களிடம் வரும் விசாவுக்கான ஜேர்மன் ஏ1 சோதனை முடிவு வந்தது. அறுபது புள்ளி வேண்டும், எனக்கு ஐம்பத்தெட்டு. ஏ1 என்பது ஆகக் கீழான படி. தன்னைப் பற்றிச் சொல்லத் தெரிந்தால் போதுமாம்.

கலியாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டார்கள். பதற்றத்தில் ஆங்கிலத்தில் "நைன்" என்றுவிட்டேன். ஜேர்மனில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.

"ஒன்பதுக்கு நொய்ன் எண்டு எத்தினை தரம் சொன்னனான், பிள்ளை!" என்று ஜேர்மன் வகுப்புக் கலிஸ்ரா ரீச்சர் ஏசினார்.

அவருக்கு மிச்சத்தைச் சொல்லவில்லை. சோதித்த பெண் "நைன்?" என்று திருப்பிக் கேட்டபோதே பிழை விளங்கிவிட்டது. திருத்தியிருக்கலாம். இந்த ஒன்பது வருடத்தில் நாம் சேர்ந்திருந்த பத்தொன்பது நாட்களையும் நினைத்துப் பார்த்தேன். பிறகு, தெளிவாக, "நைன்" என்றேன்.

அடுத்த சோதனைக்குப் பதியவில்லை.

இப்படிக்கு,
படிவத்தில் உங்கள் மனைவி